கன்னத்துத் துளை

வைகாசி பிறந்து பத்து நாளாகியும் குப்புராஜின் இடது கன்னத்தில் இருந்த துளை மூடவில்லை. காலையில் எழுந்தால் தலையணை உறையில் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். மனைவி பார்ப்பதற்குள் உறையை உருவி, தானே துவைத்து, மாடிக் கொடியில் காயப்போட்டுவிடுவான். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்தறியாத மனுஷன் தினமும் தலையணை உறை துவைத்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தெரியாமல் போகும்? மஹாலட்சுமிக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியும் என்று சொல்ல அவளுக்குப் பயம். அவள் வயிற்றில் ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

குப்புராஜுக்கு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் ஹார்டுவேர் கடை. அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகு ஆணியும் பைப்பும் பெயின்ட்டும் விற்கிற குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. ஆள் நல்லவன்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான், யார் சொன்னாலும் கேட்கமாட்டான். அவனோடு இருந்த ஒரே கஷ்டம் அது. சின்னக் கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மஹாலட்சுமிக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. 2007 தை மாதம் மூன்றாவது முறையாக நாள் தள்ளியது உறுதியானதும், குப்புராஜ் குன்றத்தூர் மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டான். ஒரு மண்டலம் விரதம் இருந்து, பங்குனி உத்திரத்தன்று இரண்டு கன்னத்திலும் அலகு குத்திக்கொண்டு படியேறுவேன், இந்தப் பிள்ளையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு முருகா என்று.

அதே தையில் பல்வலியும் வந்து சேர்ந்தது. இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். கிராம்பு வைத்தான், உப்புத் தண்ணீர் கொப்பளித்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் கடைக்கு நாலு வாசல் தள்ளி, சலூனுக்கு மேல் மாடியில் இருந்த பல் டாக்டர் ஷர்மிளாவிடம் போனான். சின்ன வயசுப் பெண், பொறுமைசாலி. ரூட் கெனால் செய்யவேண்டும், மூன்று தடவை வரவேண்டும் என்றாள். இரண்டு தடவை ஒழுங்காகப் போனான்.

"சார், மூணாவது சிட்டிங்தான் முக்கியம். இப்ப உள்ள க்ளீன் பண்ணி டெம்பரரியாதான் அடைச்சிருக்கேன். பத்து நாள்ல கண்டிப்பா வந்துடுங்க. இந்தக் கேப்ஸ்யூல அஞ்சு நாள் விடாமப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் மாசி பிறந்தது. குன்றத்தூரில் மாலை போட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் கடையில் தண்ணீர் டம்ளரோடு கேப்ஸ்யூலை வாயில் போடும்போது எதிரே வில்பிரட் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்த்து ரிடையரானவர், குழாய்க்கு வாஷர் வாங்க வந்தவர், வாய் சும்மா இருக்காது.

"இன்னா குப்புராஜ், கழுத்துல மாலை கீது, வாயில மாட்டு எலும்பு போவுது?"

"இன்னா சார் சொல்றீங்க?"

"அந்த மேலோடு ஜெலட்டின்பா. மாட்டு எலும்பக் காய்ச்சி எடுக்கறது. தெரியாதா உனக்கு?"

அவர் வாஷரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குப்புராஜுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் தலைக்குக் குளித்து, தெரியாமல் செய்தது, மன்னித்துக்கொள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். மிச்ச கேப்ஸ்யூல் சாக்கடைக்குப் போனது. மூன்றாவது சிட்டிங்குக்கும் போகவில்லை. மாலை போட்டிருக்கும்போது வாயில் குத்திக் கிளறி ரத்தம் வந்தால் விரதம் கெட்டுவிடும் என்பது அவன் எண்ணம். டாக்டரம்மாவின் உதவியாளர் கடைக்கு இரண்டு முறை போன் செய்தபோது, முதலாளி ஊரில் இல்லை என்று முதலாளியே குரலை மாற்றிச் சொன்னான். வலிதான் நின்றுவிட்டதே! முருகன் நிறுத்திவிட்டான், அப்புறம் டாக்டர் எதற்கு?

பங்குனி உத்திரத்தன்று மாணிக்கவேல்தான் அலகு குத்தினார். ஊர்க்காரர்களுக்கு அவர் குருசாமி, முப்பது வருடமாகக் குத்துகிற கை. கன்னத்தில் விபூதியை அழுத்தித் தேய்த்தார், ஒரு முழ வேல் இடது பக்கம் நுழைந்து வலது பக்கம் வந்தது, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ரத்தம் வராவிட்டால் முருகன் ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். கூட்டம் அரோகரா போட்டது. குப்புராஜ் அழுதுகொண்டே படியேறினான். மேலே வேலை உருவி, விபூதி அப்பி, மொட்டையடித்து, முகமும் மழித்துக்கொண்டு இறங்கினான். அந்த மாதத்தோடு ஐந்தாம் மாதமும் தாண்டியது. கரு நிலைத்தது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சித்திரை நடுவில் இடது கன்னம் வீங்கியது. நாலு நாள் கல்லு மாதிரி இருந்து, ஐந்தாம் நாள் தானே உடைந்து சீழ் வந்தது. வீக்கம் வடிந்தது. துளை மட்டும் தங்கிவிட்டது. மூடுவது போலப் பொருக்குக் கட்டும், இரண்டு நாளில் பொருக்கு உதிர்ந்து மறுபடி கசியும். தெருக்கோடி டாக்டர் இரண்டு முறை களிம்பு எழுதிக் கொடுத்தார். அலகு குத்திய புண் என்று இவன் சொன்னதை அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அலகு குத்திய புண் ஆறாமல் இருப்பது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஊசி குத்தினால் ஆறும், ஆணி குத்தினால் ஆறும், முருகன் வேல் குத்தியது ஆறவில்லை என்றால் விரதத்தில் பிசகு. வேண்டுதல் ஏற்கப்படவில்லை. எதற்காக வேண்டினானோ அதற்கு ஆபத்து. குப்புராஜ் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தாடியை வளர்த்துத் துளையை மறைத்தான். கடைக்கு வருகிறவர்களிடம் பேசும்போது வலது பக்கத்தையே காட்டினான். காலண்டரில் பிரசவ நாளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுவான்.

தாடி வளர்ந்தால் போதுமா? அக்கா முத்தாலம்மாள் குன்றத்தூரிலிருந்து வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்தாள். வந்தவள் தம்பியின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"வலப்பக்கம் ஆறிட்ச்சு. இடப்பக்கம் நிக்குது. இடப்பக்கம் யாரு பக்கம்னு நான் சொல்லணுமாடா தம்பி?"

இடப்பக்கம் பெண் பக்கம், பெண்டாட்டி பக்கம். சமையற்கட்டு வாசலில் நின்ற மஹாலட்சுமிக்கு முகம் வெளுத்தது.

"அந்த நாப்பத்தெட்டு நாள்ல இன்னா பண்ண? சொல்லிடு. புள்ள விஷயம், மறைக்காத."

மஹாலட்சுமி பொய் சொல்லத் தெரியாதவள். சொல்லிவிட்டாள். "ஆஸ்பத்திரில நர்சம்மா தெனம் ஒரு முட்டை துன்னணும்னு சொன்னாங்க அண்ணி. உடம்புல ரத்தமே இல்லன்னாங்க. நம்ம வூட்ல அவிக்கல. பக்கத்து வூட்டு அக்கா அவிச்சிக் குடுத்தாங்க. அங்கியே துன்னுட்டு, குளிச்சிட்டுதான் உள்ள வந்தேன்."

முத்தாலம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். குப்புராஜ் மனைவியைப் பார்த்தான். ஒரு மாதப் பயம் முழுக்கக் கோபமாக மாறி வாயில் வந்து நின்றது.

"ஒரு மண்டலம் உன்னால நாக்கக் கட்ட முடியலியா? வயித்துல கீறத விட முட்டை பெருசாப் போச்சா உனக்கு?"

தெரியாமல் மாட்டெலும்பு முழுங்கிய தனக்கு மன்னிப்பு உண்டு என்று நம்பியவன், வயிற்றுப் பிள்ளைக்காக முட்டை தின்றவளுக்கு அது கிடையாது என்று எப்படித் தீர்மானித்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளிடம் கேப்ஸ்யூல் கதையை அவன் சொல்லவும் இல்லை.

வளைகாப்பு தள்ளிப்போனது. புண் ஆறட்டும், அப்புறம் வளையல் அடுக்கலாம் என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மஹாலட்சுமி பகலில் சாப்பிடுவதை நிறுத்தினாள். விளக்கு வைத்த பிறகு ஒரே ஒரு வேளை, அதுவும் ரசம் சோறு. வெறும் தரையில் படுத்தாள். முட்டையை வாசலைத் தாண்டிப் போகிற வண்டியில் பார்த்தால்கூடத் திரும்பிக்கொண்டாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. குப்புராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம் கழிந்தால் சரி என்று மனசின் ஒரு மூலையில் அவனும் நினைத்தான்.

பிரசவ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தாள். "குழந்தை வளர்ச்சி கம்மியா இருக்கே. போன மாசத்துக்கு உங்க வெயிட்டும் குறைஞ்சிருக்கு. சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்பிடறேன் மேடம்" என்றாள் மஹாலட்சுமி.

"ரெண்டு வாரம் பார்ப்பேன். ஏறலன்னா அட்மிட் பண்ணணும்."

ஆட்டோவில் திரும்பும்போது இருவருக்கும் ஒரே எண்ணம், சாமி தண்டனையை ஆரம்பித்துவிட்டது. பட்டினி கிடந்தால் பிள்ளை எப்படி வளரும் என்கிற எளிய சங்கதி, பயந்துபோன இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. மஹாலட்சுமி அன்று இரவு ரசம் சோற்றையும் பாதியில் வைத்தாள்.

குப்புராஜ் மாணிக்கவேலிடம் ஓடினான். அவர் தாடிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கிட்டே வந்து பார்க்க அவருக்கும் மனசில்லை. "என் கையால குத்தி ஒருத்தனுக்கும் புண்ணு வெச்சதில்ல குப்பு. இது குத்துன கோளாறு இல்ல, வூட்டுக் கோளாறு" என்றார். விபூதியும் சந்தனமும் மெழுகும் குழைத்துத் துளையை இறுக அடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினார். "மூணு நாள் பிரிக்காத. உள்ள கீற தோஷம் உள்ளியே எரிஞ்சிடும்."

முதல் நாள் கசிவு நின்றது. குப்புராஜுக்கு உயிர் வந்தது. இரண்டாம் நாள் தாடைக்கடியில் கனத்தது. மூன்றாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் கன்னம் கண்வரைக்கும் ஏறியிருந்தது, காய்ச்சல் கொதித்தது, வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. எச்சில் விழுங்கினால் காதுக்குள் ஆணி அடித்தது. மஹாலட்சுமி வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். "என்னாலதான்" என்றாள். அந்த ஒரு வார்த்தை காய்ச்சலைவிட அவனை அதிகமாக உலுக்கியது. இவளும் போய்விடுவாள், பிள்ளையும் போய்விடும், எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

தெருக்கோடி டாக்டர் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தத் தாடியோடு எதுவும் செய்ய முடியாது, மழித்துக்கொண்டு வா என்று அனுப்பினார். சலூன் குமரேசன் அவனை உட்கார வைத்து, வெந்நீரில் நனைத்து, பிளாஸ்திரியை மெல்ல உரித்தான். கத்தரித்து, பிறகு சவரக் கத்தியைப் பூ மாதிரி வைத்து இழுத்தான். பாதியில் கை நின்றது.

"அண்ணா, அலகு எங்க குத்துனாங்க?"

"கேக்கற கேள்வியா இது? இங்கதான், ஓட்டை தெரியல?"

"ஓட்டை கீது. ஆனா குத்துன எடம் இது இல்லண்ணா." குமரேசன் கண்ணாடியை எடுத்து அவன் முகத்தருகே பிடித்தான். "மேல பாரு. எள்ளு கணக்கா ஒரு தழும்பு. வலது பக்கத்துல கீற தழும்புக்கு நேரா. அதான் அலகு. சூப்பரா ஆறிட்டுகீது. இது ஒன்றரை விரக்கட கீழ, தாடை எலும்பு மேல கீது. இது வேற."

குப்புராஜ் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டான். வீக்கம் இருந்தாலும் தெரிந்தது. மேலே மூடிய தழும்பு. கீழே அடைத்த துளை. நாக்கை உள்ளே தள்ளித் துளையின் மறுபக்கத்தைத் தேடினான். நாக்கு போய் நின்ற இடத்தில், டெம்பரரி அடைப்பு எப்போதோ உதிர்ந்து குழியாகிப்போன அந்தக் கடைவாய்ப் பல் இருந்தது.

பாதிச் சவரத்தோடு மாடியேறினான்.

ஷர்மிளா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெழுகு அடைப்பைக் கிளறி எடுத்ததும் சீழ் பீறிட்டு வந்தது, நாற்றத்தில் உதவியாளர் ஜன்னலைத் திறந்தார்.

"யார் சார் இதை அடைச்சது? சீழ் வெளிய வர உடம்பு போட்ட வழி இது. இதை மூடினா உள்ளதான் போகும். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கழுத்துக்கு இறங்கி மூச்சையே அடைச்சிருக்கும்."

சேமியா மாதிரி மெல்லிய குச்சி ஒன்றைத் துளைக்குள் செருகினாள். அது வலியில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அப்படியே எக்ஸ்ரே எடுத்து, ஈரம் சொட்டும் சின்ன பிலிமை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்க. கன்னத்துல ஆரம்பிச்சு நேரா பல்லோட வேர்ல போய் நிக்குது. மூணாவது சிட்டிங் வந்து வேரை நிரப்பியிருந்தா இது வந்தே இருக்காது. கேப்ஸ்யூலாவது ஒழுங்காப் போட்டீங்களா?"

அவன் சொன்னான். ஒட்டிக்கொண்ட தாடையோடு, குழறிக் குழறி, மாலை, மாட்டெலும்பு, சாக்கடை எல்லாம் சொன்னான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரையா எழுதிக் குடுத்திருப்பேனே சார்" என்றாள் ஷர்மிளா.

"அப்ப அலகு?"

"அலகுக் காயம் சுத்தமா ஆறியிருக்கு. ஒரு வாரத்துலயே ஆறியிருக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

குப்புராஜ் குலுங்கி அழுதான். ஊசி போடுவதற்கு முன்பே அழுகிற ஆளை அவள் பார்த்ததில்லை, பயம் என்று நினைத்துத் தோளில் தட்டினாள். பயம்தான், ஆனால் ஊசிக்கு இல்லை. ஒரு வாரத்தில் ஆறிய காயத்துக்காக ஒருத்தியைக் குற்றவாளியாக்கி, பட்டினி போட்டு, வயிற்றில் இருப்பதையும் இளைக்க வைத்திருக்கிறோம் என்பது அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதுதான் முழுசாக உறைத்தது.

பல்லைக் காப்பாற்ற முடியாது என்று எடுத்துவிட்டாள். பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு மணி நேரம் பேசக்கூடாது என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, எக்ஸ்ரே பிலிமைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெயிலில் வீட்டுக்கு ஓடினான்.

மஹாலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குப்புராஜ் பஞ்சைத் துப்பினான். பிலிமை அவள் கையில் கொடுத்தான். மரத்துப்போன உதட்டில் ரத்தம் வழிய, நடந்ததை முதலிலிருந்து சொன்னான்.

"சீழு பல்லுலேர்ந்தா வந்துது?"

"ம்."

"அலகு குத்துன எடம்?"

"அப்பவே ஆறிட்ச்சு மஹா. முருகன் ஏத்துகினாரு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். கையைப் பிடித்துக்கொள்வாள் என்றும் எதிர்பார்த்தான். அவள் பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கேப்ஸ்யூல எப்ப நிறுத்துனீங்க?"

"மாசில."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவன் புறங்கையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான்.

"நான் முட்டை துன்னத சொன்னேன்ல" என்றாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "உங்க அக்காவுக்குப் போடுங்க. நீங்களே சொல்லுங்க. நான் கேக்கணும்."

போட்டான். முத்தாலம்மாள் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். "அக்கா, அது அலகுப் புண்ணு இல்ல. பல்லு. தப்பு என்னுது. மருந்த நிறுத்துனது நான், டாக்டர்கிட்ட போவாம ஏமாத்துனது நான். மஹா மேல ஒண்ணும் இல்ல" என்றான்.

"சரி வுடு. ஆனது ஆச்சு. போவட்டும்" என்றாள் அக்கா.

மஹாலட்சுமி ரிசீவரை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"போவட்டும்னு நீங்க சொல்லாதீங்க அண்ணி. அத நான் சொல்லணும். இன்னும் சொல்லல."

போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். நட்டநடுப் பகலில் தட்டு எடுத்து வைத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். குப்புராஜ் புதுப் பஞ்சைக் கடித்துக்கொண்டு, அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்வரை வாசற்படியிலேயே நின்றான்.